பிறரை அறியும் அறம்

கஜினி மாமுதுவின் படைகள் வட இந்தியாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில், அம்மன்னனின் அவையைச் சேர்ந்த ஓர் அறிஞர், சூறையாடப்பட்ட மக்களின் மொழியை எழுத்தெண்ணிக் கற்கத் தொடங்கினார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அவர் பெயர் அபூ ரைஹான் முகமது இப்னு அகமது அல்பிரூனி. நம் பள்ளிப் பாடநூல்களில் மாமுதுவின் படையெடுப்புகளைச் சொல்லும் பாடத்தின் ஓரத்தில் ஓரிரு வரிகளாக வந்து மறைபவர். அந்த ஓரிரு வரிகளுக்குள் அடங்குபவர் அல்லர் அவர். பகை மூண்டெரியும் காலத்திலும் பிற மக்களை அவர்களுடைய நூல்களைக் கொண்டும் அவர்களுடைய சொற்களைக் கொண்டுமே அறிதல் வேண்டும் என்னும் கடமையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனித்து நின்று ஆற்றியவர். அவரை இன்று நினைவுகூர்வதற்கு அக்கடமை நம்மிடையே அருகி வருவதே போதிய காரணம்.

இன்றைய உஸ்பெகிஸ்தானில், ஆமூ ஆற்றின் கரையில், குவாரிஸ்ம் என்னும் பழைய நாட்டின் தலைநகரான காத் நகரையடுத்து 973-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் பிறந்தார். அந்நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 995-இல் குர்கஞ்சு நகரின் ஆட்சியாளர்கள் காத் அரச குடும்பத்தை வீழ்த்தியபோது, இருபத்திரண்டு வயது இளைஞர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அன்று தொடங்கிய அலைச்சல் பல்லாண்டுகள் நீடித்தது. ஆயினும் 997-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது அவர் காத் நகரில் இருந்தார். பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அபுல் வஃபாவுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, இருவரும் தத்தம் ஊரில் அதே கிரகணத்தை நோக்கினர். இரு நகரங்களிலும் பதிவான நேரங்களின் வேறுபாட்டிலிருந்து அவற்றின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டனர். அரசியல் அவரை ஊரூராகத் துரத்திய அதே ஆண்டுகளில்தான் அறிவுலகம் அவருக்கு இத்தகைய தோழமையை அளித்தது.

ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவில், பழைய இனங்களின் காலக்கணிப்பு முறைகளை ஆராயும் பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். பாரசீகர், யூதர், கிறித்தவர், சோக்தியர், குவாரிஸ்மியர் எனப் பல மக்களின் ஆண்டுக் கணக்குகளும் திருவிழாக்களும் அதில் இடம்பெறுகின்றன. அந்நூலில் தம் சொந்த மண்ணைப் பற்றி அவர் பதிந்திருக்கும் ஒரு செய்தியை நாம் சிறப்பாகக் கருதுகிறோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபுத் தளபதி குதைபா இப்னு முஸ்லிம் குவாரிஸ்மை வென்றபோது, அந்நாட்டு எழுத்தை அறிந்தோரையும் மரபுகளைப் பேணி வந்தோரையும் அழித்தொழித்தார் என்றும், அதனால் குவாரிஸ்மியரின் பழைய வரலாறு மீட்க முடியாதபடி மறைந்தது என்றும் அவர் எழுதுகிறார். எழுதியவர் இஸ்லாத்தில் உறுதியான பற்றுடையவர். அரபு மொழியையே அறிவியலுக்கு உகந்த மொழியாகப் போற்றியவர். அந்தப் பற்று உண்மையைச் சொல்வதற்குத் தடையாக நிற்கவில்லை. வெற்றி கொண்டவன் ஒரு மக்களின் நினைவையும் எரித்துவிடக்கூடும் என்பதைத் தம் முன்னோரின் இழப்பிலிருந்து அவர் அறிந்திருந்தார். பின்னாளில் இந்தியாவைப் பற்றி எழுத அமர்ந்தபோது அவர் காட்டிய கவனத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

இளமையில் மருத்துவ அறிஞர் இப்னு சீனாவோடு அவர் நடத்திய மடல்வழி விவாதமும் குறிப்பிடத்தக்கது. அரிஸ்டாட்டிலின் வானியற் கொள்கைகளையும் இயற்பியலையும் குறித்துப் பதினெட்டு வினாக்களை அவர் தொடுத்தார். நீர் உறைந்தபின் ஏன் மிதக்கிறது என்பதும் அவற்றுள் ஒன்று. பெரியோர் சொல்லிவிட்டனர் என்பதற்காக ஒன்றை ஏற்கும் இயல்பு அவரிடம் என்றுமே இருந்ததில்லை.

1017-இல் அவருடைய வாழ்வு திசைமாறியது. குவாரிஸ்மை ஆண்ட தம் மைத்துனர் கலகக்காரர்களால் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி மாமுது அந்நாட்டைக் கைப்பற்றினார். கைப்பற்றிய செல்வத்தோடு அறிஞர்களையும் கஜினிக்குக் கொண்டு சென்றார். ஆசான் அபூ நஸ்ரும் மாணவர் அல்பிரூனியும் அவ்வாறு சென்றவர்களே. சிறைப்பட்டவரா, அவைப் புலவரா என்று பிரித்துச் சொல்ல இயலாத ஒரு நிலையில் அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது. 1018-இல் காபூலுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் அவர் இருந்தபோது கையில் ஒரு வானியற் கருவியும் இல்லை. கணக்கிடும் பலகையின் பின்புறத்தில் வில்வடிவக் கோடு வரைந்து, அளவுகள் குறித்து, தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு, சூரியனின் உயரத்தை அளந்து, அவ்வூரின் அட்சரேகையைக் கண்டார். தம் துயரங்களைப் பற்றி அவர் மிகுதியாக எழுதவில்லை. அன்று தமக்கிருந்த இடுக்கண் நோவா, லோத்து போன்ற இறைத்தூதர்கள் பட்டதற்கு ஒப்பானது என்னும் பொருள்பட மட்டும் குறித்துவிட்டு, அடுத்த கணக்குக்குச் சென்றுவிடுகிறார்.

பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில், இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா என்னும் கோட்டையில் அவர் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பூமியின் ஆரத்தை அறிய, அதற்கு முன் கலீபா மாமூனின் வானியலாளர்கள் பாலைவனத்தில் ஒரு பாகைத் தொலைவை நடந்தே அளந்திருந்தனர். அதே முறையை மீண்டும் செய்து பார்க்க அல்பிரூனி முயன்றும் ஆதரவு கிட்டவில்லை. சமவெளியை நோக்கி நிற்கும் ஒரு மலை போதும் என்பதை நந்தனாவில் அவர் காட்டினார். மலையின் உயரத்தை 652 முழத்திற்குச் சற்று மிகுதி என்று கண்டார். உச்சியில் நின்று நோக்கும்போது தொடுவானம் கிடைமட்டத்திற்குக் கீழே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்தார். அது 34 கலை (அறுபது கலை ஒரு பாகை). இவ்விரண்டு அளவுகளிலிருந்து, முக்கோணவியலின் துணையோடு, பூமியின் ஆரம் ஏறத்தாழ 1,28,03,337 முழம் என்று கணக்கிட்டார். அன்றைய முழத்தின் நீளம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுவதால், இன்றைய மதிப்போடு அது எத்தனை நெருக்கம் என்பதைப் பெரிதுபடுத்திப் பேசுதல் தகாது. நாம் வியப்பது வேறொன்றை. இவ்வழிமுறை தம் கண்டுபிடிப்பு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. மாமூனின் காலத்தில் சனத் இப்னு அலி என்பவர் இதனைக் கையாண்டதாகத் தாம் அறிந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இத்தகைய நேர்மையோடு அளக்கும் கை ஒரு மக்களின் சமயத்தையும் மெய்யியலையும் வழக்கங்களையும் அளக்கப் புகுந்ததன் விளைவே 'தஹ்கீக் மா லில் ஹிந்த்' என்னும் பெருநூல். 1030-இல் மாமுது மறைந்ததையொட்டிய மாதங்களில், எண்பது அதிகாரங்களில், அது நிறைவுற்றது. எந்த மன்னருக்கும் அதை அவர் காணிக்கையாக்கவில்லை. நூல் தோன்றிய காரணத்தை முகவுரையிலேயே சொல்கிறார். பிற சமயங்களைப் பற்றித் தம் மக்கள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் செவிவழிச் செய்திகளும் திரிபுகளுமாக இருப்பதை நண்பர் ஒருவரோடு பேசும்போது அவர் வருந்துகிறார். அந்நண்பரின் தூண்டுதலால் எழுதப் புகுகிறார். எதிரியை மறுப்பதற்கான வாத நூல் அன்று இது என்று தெளிவுபடுத்துகிறார். இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே வைப்பதும், கிரேக்கரும் சூஃபிகளும் கிறித்தவரும் சொன்னவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் அவருடைய நெறி.

அந்நெறிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஒரே பொருளுக்குப் பல பெயர்களும், ஒரே பெயருக்குப் பல பொருள்களும் நிறைந்த சமஸ்கிருதம் அவரை அலைக்கழித்தது. அதன் ஒலிகள் அரபு எழுத்துக்குள் அடங்க மறுத்தன. இந்தியர் வாயிலிருந்து கேட்டுப் பெரும் முயற்சியோடு எழுதிக்கொண்ட ஒரு சொல்லை அவர்களிடமே திரும்பச் சொன்னால், அவர்களால் அதனை அடையாளம் காண முடியவில்லை என்று அவர் குறிக்கிறார். சமஸ்கிருத நூல்கள் கிடைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் பொருளையும் உழைப்பையும் செலவிட்டுத் தேடினார். தொலைவிலிருந்தும் பண்டிதர்களை வரவழைத்தார். அவர்களுக்கு முன் மாணவராக அமர்ந்தார். பின்னர் கணித முறைகளின் காரணங்களை அவர்களுக்கு விளக்கும் நிலைக்கு உயர்ந்தபோது, எந்த இந்திய ஆசானிடம் இவற்றைக் கற்றீர் என்று அவர்கள் வியந்து கேட்டனர். பிரம்மகுப்தர், வராகமிகிரர் ஆகியோரின் நூல்களும் புராணங்களும் கீதையும் அவருடைய பக்கங்களில் மேற்கோள்களாக நிறைந்து கிடக்கின்றன. பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். மறுபுறம், யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் இந்தியருக்காகச் சமஸ்கிருதத்தில் ஆக்கும் பணியில் தாம் ஈடுபட்டிருப்பதாகவும் எழுதுகிறார். கொள்வதோடு கொடுப்பதும் அவருக்குக் கடமையாக இருந்தது.

தாம் பார்த்தது எவ்வளவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. லாகூர், முல்தான், பெஷாவர், சியால்கோட்டு முதலிய சில ஊர்களின் அட்சரேகைகளைத் தாமே அளந்ததாகச் சொல்லி, அவற்றைத் தாண்டித் தாம் செல்லவில்லை என்றும் எழுதிவிடுகிறார். பௌத்தரைப் பற்றி நேரே அறிந்துகொள்ள நூலோ ஆளோ தமக்குக் கிட்டவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். தென்னாட்டை அவர் கண்டதில்லை. ஆயினும் இந்திய எழுத்து வகைகளை நிரல்படுத்தும்போது கருநாடக, ஆந்திர எழுத்துகளோடு திராவிட நாட்டு எழுத்தையும் குறிக்கிறார். சேதுவைப் பற்றியும் இலங்கையைப் பற்றியும் எழுதுகிறார். அவர் தம் குறிப்புகளைத் திரட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இராசேந்திர சோழனின் படை கங்கை வரை சென்று மீண்டது.

நூலின் முதல் அதிகாரம் இன்றும் ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டியது. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் இடையே அறிதல் அரிதாயிருப்பது ஏன் என்று அதில் அவர் வினவுகிறார். மொழி, சமயம், பழக்கவழக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருபவர், மாமுதுவின் படையெடுப்புக்கு வரும்போது தயங்கவில்லை. நாட்டின் வளத்தை மாமுது அழித்தார். மக்கள் சிதறிப் போயினர். எஞ்சியோர் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது ஆழ்ந்த வெறுப்பு வேரூன்றியது. வெல்லப்பட்ட பகுதிகளிலிருந்து இந்தியரின் அறிவுத்துறைகள் விலகிக் காசுமீரத்துக்கும் காசிக்கும் ஒதுங்கின. இவற்றையெல்லாம் அம்மன்னனின் தலைநகரில் இருந்துகொண்டு, அவனுடைய மகனின் ஆட்சிக்காலத்தில் எழுதினார். எழுதியவரின் உயிரும் வாழ்வும் அவ்வரச குடும்பத்தின் கையில் இருந்தன என்பதை நினைக்கும்போதுதான் அந்தப் பக்கத்தின் எடை நமக்குப் புலப்படும்.

அதே அதிகாரத்தில் இந்தியரையும் அவர் கடிந்துரைக்கிறார். தங்கள் நாட்டைப் போல் நாடில்லை, தங்கள் அறிவைப் போல் அறிவில்லை என்று எண்ணி, அறிந்ததைப் பிறரிடமிருந்து மறைப்பதாகக் குறை கூறுகிறார். அவர்களுடைய முன்னோர் இவ்வளவு குறுகியவர்களாக இருந்ததில்லை என்று சொல்லி, கிரேக்கரின் அறிவை மதித்த வராகமிகிரரைச் சான்றாகக் காட்டுகிறார். பிற மக்களை இழிவாக எண்ணும் குணம் நம்மிடமும் உண்டு, எல்லா இனத்தாரிடமும் உண்டு என்றும் மறவாமல் சேர்க்கிறார். அவருடைய தீர்ப்புகள் சில கடுமையானவை. இந்தியக் கணித, வானியல் நூல்களில் நன்மணியும் கூழாங்கல்லும் கலந்து கிடப்பதாக அவர் எழுதியதில் ஓர் அவைப் புலவரின் செருக்கும் கலந்திருக்கிறது. அதை மறைத்து அவரைப் போற்றுவது அவர் கற்பித்த நேர்மைக்கே மாறாகும்.

உருவ வழிபாட்டைப் பற்றிய அதிகாரத்தில் அவருடைய நடுநிலை இன்னும் துலங்குகிறது. கற்றோர் அருவமான இறைவனை அறிவால் நாடுகின்றனர். கல்லாதோர்க்குக் கண்ணால் காணும் உருவம் தேவைப்படுகிறது. இது எல்லா மக்களுக்கும் பொதுவான இயல்பு என்கிறார். கல்வியறிவில்லாத ஒரு முஸ்லிமிடம் நபிகளாரின் படத்தையோ மக்காவின் படத்தையோ காட்டினால், அவரும் அதை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று, தம் மக்களையே சான்றாக்குகிறார். சோமநாதர் ஆலயத்து லிங்கம் உடைக்கப்பட்டு, அதன் துண்டு கஜினிக்குக் கொண்டுவரப்பட்ட செய்தியையும் வெற்றி முழக்கம் ஏதுமின்றிப் பதிகிறார்.

சாதியைப் பற்றி அவர் எழுதியது நம்மைச் சுடுகிறது. நான்கு வருணங்களைச் சொல்லி, அவற்றுக்கும் வெளியே தள்ளப்பட்டோரைத் தொழில்வாரியாக எடுத்துரைக்கிறார்: சலவைத் தொழிலாளர், செருப்புத் தைப்போர், கூடை முடைவோர், மீனவர், வேடர், நெசவாளர். ஊருக்குள் வாழ இடமின்றி ஊரருகே வாழ்ந்தோர் இவர்கள். பக்தி ஒன்றைத் தவிர வேறெதிலும் வேற்றுமை பாராமல் எல்லோரையும் சமமாகக் கருதுவதே தம் மார்க்கத்தின் கொள்கை என்றும், இவ்வேறுபாடே இரு சமூகமும் நெருங்குவதற்குப் பெருந்தடை என்றும் எழுதுகிறார். பழைய பாரசீகத்திலும் இத்தகைய பிரிவுகள் இருந்தன என்று சுட்டவும் மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அயலார் பார்த்து எழுதிய அந்த வரிசை இந்நாட்டில் இன்னும் முற்றாகப் பழங்கதை ஆகிவிடவில்லை.

கிரகணத்தைப் பற்றிய ஒரு பகுதியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பூமியின் நிழலே சந்திரனை மறைக்கிறது என்பதை நன்கறிந்த பிரம்மகுப்தர், ராகு விழுங்குகிறது என்னும் மரபுக் கொள்கைக்குப் பரிந்து பேசியிருப்பதைக் கண்டு அல்பிரூனி திகைக்கிறார். கடிந்துகொள்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, சாக்ரட்டீசுக்கு நேர்ந்தது போன்ற ஒரு கேடு தமக்கும் நேருமோ என்று அஞ்சியே அப்பேரறிஞர் மனச்சான்றுக்கு மாறாக எழுதியிருக்க வேண்டும் என்று இரங்குகிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, வேறு சமயத்தவரான ஓர் அறிஞரின் அச்சத்தை உணர்ந்து பரிந்த நெஞ்சம் அது. அரச அவைகளின் நிழலில் வாழ்ந்தவருக்குத்தான் அது எளிதில் விளங்கும்.

இந்திய நிலத்தின் மண்ணை ஆராய்ந்த அவர், மலையருகே பெரிய உருண்டைக் கற்களும், தொலைவில் சிறு கற்களும், கடலை நெருங்க நெருங்க மணலும் இருப்பதைக் கருதி, அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலாயிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பியது என்று முடிவு செய்தார். பூமி சுழல்கிறது என்று கொண்டாலும் வானியற் கணக்குகளுக்கு ஊறு நேராது என்றும் எழுதினார்.

மாமுதுவின் மகன் மசூதின் பெயரால் எழுதிய 'அல்-கானூன் அல்-மசூதி' அவருடைய வானியல் ஆய்வுகளின் முடிமணி. அதற்குப் பரிசாக வந்த யானைச்சுமை வெள்ளியை அவர் திருப்பி அனுப்பிவிட்டதாக வழிவழிச் செய்தி ஒன்று உண்டு. மணிகளையும் உலோகங்களையும் நீரில் நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைக் கண்டார். முதுமையிலும், கண்ணும் செவியும் தளர்ந்த நிலையில், மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1048-ஐ ஒட்டிக் கஜினியில் அவர் உயிர் பிரிந்தது. இறுதி நேரத்தில் காண வந்த சட்ட அறிஞரிடம் வாரிசுரிமை பற்றிய ஒரு நுட்பமான வினாவுக்கு விடை கேட்டார் என்றும், இந்நிலையிலா என்று அவர் தயங்க, அறியாமல் போவதினும் அறிந்து போவது மேலன்றோ என்னும் பொருளில் மறுமொழி சொன்னார் என்றும் பிற்காலத்து எழுத்தாளர் யாகூத் பதிந்திருக்கிறார்.

அறுபது வயதைக் கடந்தபோது தாமே தயாரித்த பட்டியலில் தம் நூல்கள் 113 என்று அவர் கணக்குக் காட்டினார். காலம் அவற்றுள் மிகுதியானவற்றைக் கொண்டு போய்விட்டது. இப்னு சீனாவின் மருத்துவ நூல் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பியக் கல்விக்கூடங்களை நூற்றாண்டுகள் ஆண்டது; அல்பிரூனிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இந்தியாவைப் பற்றிய நூலின் அரபு மூலத்தை ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் சசாவ் 1887-இலும், ஆங்கில ஆக்கத்தை 1888-இலும் வெளியிட்ட பிறகே பரந்த உலகம் அதை அறிந்தது.

அறிந்தபின்னும் அதனை முழுமையாகப் படித்தோர் சிலரே. மாமுதுவைப் பற்றிய பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு சமூகத்தின்மீது முழுப் பழியையும் சுமத்துவோர், அதை எழுதியவரும் அச்சமூகத்தைச் சேர்ந்தவரே என்பதைச் சொல்வதில்லை. இந்துக்களின் செருக்கைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துக் காட்டுவோர், இழிவெண்ணம் எங்களிடமும் உண்டு என்று அவர் சேர்த்த வரியைச் சொல்வதில்லை. இரு திறத்தாரும் அவருக்குச் செய்வது ஒரே வகையான தீங்கு. செவிவழிச் செய்தியையும் வேண்டியதை மட்டும் பொறுக்கும் வழக்கத்தையும் வெறுத்தே அவர் பேனாவை எடுத்தார். அவருடைய நூலையே அவ்வழக்கத்துக்கு இரையாக்குவதை நாம் கண்டிக்கிறோம்.

இந்நூலை அரபு மூலத்திலிருந்து நேரே, விரிவான குறிப்புரையோடு, தமிழ் வாசகர் கைக்குக் கொண்டு சேர்க்கும் பணிக்குத் தகுதியான இடங்கள் நம்மிடம் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறையும் உண்டு. சமஸ்கிருதத் துறையும் உண்டு. வரலாற்றுத் துறையும் உண்டு. ஒரு துறை தனித்து இதைச் செய்ய இயலாது. அல்பிரூனி மேற்கோள் காட்டும் சமஸ்கிருத நூல்களை அறிந்தவரும், அவருடைய அரபு நடையை அறிந்தவரும், அவருடைய கணிதத்தை அறிந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும். அரசும் தமிழ் வளர்ச்சிக்கெனச் செயற்படும் நிறுவனங்களும் அதற்கான பொருளுதவியை வழங்க வேண்டும். பாடநூல் எழுதுவோர் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அந்நூலின் முதல் அதிகாரத்தின் சாரத்தை ஒரு தனிப் பாடமாக மேனிலைப் பள்ளி மாணவர்க்கு உடனே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.